தலையெழுத்து அல்ல, சுவடிக்கட்டு

மரபணுவைப் பற்றித் தமிழில் பேச நேரும்போதெல்லாம் நாம் ஒரே ஓர் உருவகத்தைத்தான் எடுத்தாள்கிறோம். அது ஒரு நூல், அதில் நம் வாழ்க்கை எழுதப்பட்டிருக்கிறது, எழுதியது எழுதியதுதான். 'சங்கீதம் அவர்கள் குடும்பத்து ஜீனிலேயே இருக்கிறது' என்று கச்சேரி விமரிசனத்தில் எழுதுகிறார்கள். 'கணக்கு எங்க ஜீன்லயே கிடையாது சார்' என்று மாணவர்கள் சொல்கிறார்கள். சாதிப் பெருமை பேசுகிறவர்கள் முன்பு 'இரத்தம்' என்று சொன்ன இடத்தில் இப்போது 'டி.என்.ஏ.' என்று சொல்லப் பழகிவிட்டார்கள். தலையெழுத்து என்ற பழைய சொல்லுக்கு ஆய்வகத்தின் வெள்ளை அங்கியை மாட்டிவிட்டதோடு நம் அறிவியல் நோக்கு நிறைவடைந்துவிட்டது.

இந்த உருவகம் பிழையானது என்பதும், அதைத் திருத்தும் பொறுப்பில் பெரும்பங்கு இலக்கியம் படித்தவர்களுடையது என்பதும் இக்கட்டுரையின் தரப்பு. தமிழ் இலக்கியம் கற்பிக்கும் ஒருவன் உயிரியல் பேசலாமா என்று கேட்கலாம். ஆய்வகத்தில் எனக்கு வேலையில்லை. ஆனால் உருவகம் எங்கள் துறை. ஓர் உருவகம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று கேட்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள்.

*

முதலில் அடிப்படைச் செய்தி. நம் உடலின் கண் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் இருப்பது ஏறத்தாழ ஒரே பனுவல். அதில் புரதங்களுக்கான மரபணுக்கள் சுமார் 20,000. மொத்த எழுத்துகளில் அவற்றின் புரதக் குறிப்புக்குச் செலவாவது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. பனுவல்தான் எல்லாம் என்றால் கண்ணும் கல்லீரலும் வேறுபட வழியில்லை. வேறுபாடு எதனால்? கண்ணில் சில ஏடுகள் படிக்கப்படுகின்றன, கல்லீரலில் வேறு சில. படிக்கப்படாதவை அழிக்கப்படவில்லை, கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன.

கட்டு என்பது இங்கே வெறும் உவமை அல்ல, பருப்பொருள். ஒரு மனித செல்லில் உள்ள டி.என்.ஏ. இழைகள் அனைத்தையும் நீட்டி முனையோடு முனை வைத்தால் இரண்டு மீட்டர் வரும். அது தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்கே உள்ள உட்கருவுக்குள் அடங்கியாக வேண்டும். இதற்காக ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் எட்டெட்டாகச் சேர்ந்து உருளைகளாகின்றன. ஒவ்வோர் உருளையையும் டி.என்.ஏ. இழை ஒன்றேமுக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக, 147 எழுத்திணைகள் அளவுக்குச் சுற்றிக்கொள்கிறது. பிறகு அடுத்த உருளை. நூலில் கோத்த மணிகள்போல இவை 1970களின் தொடக்கத்தில் மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்தன. இந்த அலகின் அமைப்பை 1974இல் ரோஜர் கோர்ன்பெர்க் முன்மொழிந்தார். 1997இல் சூரிச்சிலிருந்து வந்த படிகப் படம் அதை அணு அணுவாகக் காட்டியது. டி.என்.ஏ.வும் அதைச் சுற்றிவைக்கும் புரதங்களும் சேர்ந்த முழுப் பொருளுக்குக் குரோமேட்டின் என்று பெயர். வால்தர் ஃபிளெமிங் 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் இட்ட பெயர் அது. சாயத்தில் நிறமேறியது என்பதற்கு மேல் அதைப் பற்றி அப்போது தெரியாது. ஆகவே நிறத்தைக் கொண்டே பெயர் அமைந்தது.

குரோமேட்டின் எல்லா இடத்திலும் ஒரே இறுக்கத்தில் இருப்பதில்லை. நெகிழ்ந்த பகுதியில் உள்ள மரபணுவைப் படிப்புப் புரதங்கள் அணுக முடியும். இறுகிய பகுதியில் பெரும்பாலும் முடியாது. 1928இல் எமில் ஹைட்ஸ் பாசிச் செடிகளின் உட்கருவில் எப்போதும் இறுகியே இருக்கும் பகுதிகளைக் கண்டு அவற்றுக்கு ஹெட்டிரோகுரோமேட்டின் என்று பெயரிட்டார். இறுக்கத்தையும் நெகிழ்வையும் தீர்மானிப்பவற்றுள் முக்கியமானவை ஹிஸ்டோன்களின் வால்களில் ஒட்டப்படும் சிறு வேதிக் குறிகள். அசெட்டைல் குறி ஒட்டினால் பொதுவாகப் பிடி தளர்கிறது. மெத்தில் குறி, ஒட்டும் இடத்தைப் பொறுத்து, இறுக்கவும் செய்யும், திறந்த இடத்தை அடையாளப்படுத்தவும் செய்யும். அசெட்டைல் குறியின் பங்கை 1964இலேயே வின்சென்ட் ஆல்ஃப்ரி ஊகித்தார். மரபணுக்களை இயக்குவதாக முன்பே அறியப்பட்டிருந்த ஒரு புரதமே அந்தக் குறியை ஒட்டும் நொதியும்கூட என்று டேவிட் ஆலிஸ் குழுவினர் 1996இல் காட்டிய பிறகுதான் துறை முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது.

தமிழ் வாசகனுக்கு இது அயலான செய்தியாக இருக்கக் கூடாது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடிப் போனது எதை? எழுதப்படாத நூலை அல்ல. எழுதப்பட்டு, கட்டப்பட்டு, பரண்மேல் கிடந்த நூலை. சீவக சிந்தாமணி 1887இல் அவர் பதிப்பில் வெளிவரும் முன்பும் இருந்தது. சமணக் குடும்பங்களில் அதை ஓதினார்கள். தமிழ் படித்த மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அது இல்லாத நூல். ஓர் ஓலைகூட மாறாமலே ஒரு காப்பியம் ஒரு வீட்டில் பேசுகிறது, அடுத்த வீட்டில் ஊமையாகிறது. கயிறு, சட்டப்பலகை, முடிச்சு, பரண் ஆகிய இவையெல்லாம் நூலுக்குப் புறம்பானவை என்று நினைக்கிறோம். வாசிப்பின் வரலாற்றில் அவை புறம்பானவை அல்ல.

ஆனால் இந்த ஒப்புமை ஓர் இடத்தில் முறிகிறது. அந்த இடமே முக்கியமானது. சுவடியை அவிழ்க்க வெளியிலிருந்து ஒரு சாமிநாதையர் வர வேண்டும். செல்லில் அப்படி ஒருவர் இல்லை. கட்டும் கயிறும் அவிழ்க்கும் கையும் அதே சுவடியில் எழுதப்பட்டவை. ஹிஸ்டோனுக்கான குறிப்பு மரபணுவில் இருக்கிறது; குறி ஒட்டும் நொதிக்கான குறிப்பும் அங்கேதான். பனுவல் தன்னைக் கட்டும் முறையைத் தானே ஓரளவு எழுதிக்கொள்கிறது. எந்தத் திசுவில், எந்தப் பருவத்தில், எந்தச் சூழலில் எது அவிழ வேண்டும் என்பது செல்லுக்கு வந்து சேரும் செய்திகளைப் பொறுத்து நடக்கிறது. ஆகவே 'எல்லாம் எழுத்தில்' என்பதும் பிழை, 'எழுத்தில் ஒன்றுமில்லை' என்பதும் பிழை.

இந்த முடிச்சை ஆராய்ந்தவர்களில் தமிழ் மண்ணில் பிறந்த ஒருவர் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனை ரைபோசோமுக்காக 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவராக அறிவோம். அதற்கு முன் அவர் குரோமேட்டினிலும் உழைத்திருக்கிறார். உருளையைச் சுற்றிய இழை அவிழாமல் மேலே பூட்டுப்போல் அமரும் இணைப்பு ஹிஸ்டோன் ஒன்றின் மையப் பகுதியின் படிக அமைப்பை அவரும் தோழர்களும் 1993இல் வெளியிட்டார்கள். எச்5 எனப்படும் அந்தப் புரதம் பறவைகளின் இரத்தச் சிவப்பணுவில் இருப்பது. நம் சிவப்பணு முதிரும்போது உட்கருவை வெளியேற்றிவிடுகிறது; கோழியின் சிவப்பணு உட்கருவை வைத்துக்கொண்டு, எச்5ஆல் அதை இறுக்கிக் கட்டி ஏறக்குறைய மௌனமாக்கிவிடுகிறது. ஒரே சிக்கலுக்கு இரு விடைகள்: ஒன்று சுவடியை எறிகிறது, மற்றது முடிச்சுப் போடுகிறது.

*

இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொரு வாயிலும் உண்டு. மரம் என்ற நிலைமொழி 'பெட்டி' வந்தால் மரப்பெட்டி ஆகிறது. 'கள்' வந்தால் மரங்கள். 'அடி' வந்தால் மரத்தடி. சொல் ஒன்றுதான்; பக்கத்தில் யார் வந்து நின்றார் என்பதைப் பொறுத்து அதன் உருவம் மாறுகிறது. அண்டை அயலின் ஆற்றலை நம் இலக்கணிகள் புணரியல் என்று தனி இயலாகவே வகுத்தார்கள்.

உயிரியல் இதைக் கண்டுகொண்டது 1930இல். ஹெர்மன் முல்லர் பழ ஈக்களின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தியபோது சிலவற்றின் கண்கள் சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாயின. கண்ணைச் சிவப்பாக்கும் மரபணு கெடவில்லை. குரோமோசோம் உடைந்து மீண்டும் ஒட்டியபோது அந்த மரபணு இறுகிய ஹெட்டிரோகுரோமேட்டினுக்கு அண்டை வீடாகிவிட்டது. பக்கத்து இறுக்கம் சில செல்களில் அதன்மேலும் பரவியது, சிலவற்றில் பரவவில்லை. எழுத்து மாறாமல் இடம் மாறியதால் வந்த புள்ளிக் கண்.

நம் வயல்வெளியில் இதைவிட வியப்பான சான்று ஒன்று ஊர்கிறது. மாவுப்பூச்சியைத் திருச்சிப் பக்கத்து விவசாயிகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவைப் பகுதியில் கண்டறியப்பட்டு, பப்பாளியிலும் மரவள்ளியிலும் மல்பெரியிலும் வெண்பஞ்சாய்ப் படர்ந்தது. 2010இல் ப்வேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பிறகுதான் அடங்கியது. பூச்சிமருந்துக் கடையில் மட்டுமே பெயர் அடிபடும் இந்தக் குடும்பம் குரோமேட்டின் ஆய்வில் ஒரு செவ்வியல் பாடம்.

மாவுப்பூச்சிகளில் ஆண், பெண் வேறுபாட்டுக்கென்று தனிப் பாலினக் குரோமோசோம் கிடையாது. எலுமிச்சை வகைகளைத் தாக்கும் மாவுப்பூச்சியில் தாயிடமிருந்து ஐந்து, தந்தையிடமிருந்து ஐந்து என மகனும் மகளும் ஒன்றுபோலவே பெறுகிறார்கள். மகளில் பத்தும் திறந்திருக்கின்றன. மகனில், கரு வளர்ச்சியின் தொடக்கத்திலேயே, தந்தை தந்த ஐந்தும் மொத்தமாக இறுகி மௌனமாகிவிடுகின்றன. ஓர் ஓரமாகத் திரண்டு கிடக்கும் அந்தக் கட்டை 1921இலேயே ஃபிரான்ஸ் ஷ்ரேடர் விவரித்தார். அது தந்தையுடையதுதான் என்பதை 1961இல் ஸ்பென்சர் பிரவுனும் வால்டர் நெல்சன்-ரீஸும் எளிய, சற்றே கொடிய சோதனையால் காட்டினார்கள். தந்தைப் பூச்சிகளுக்குக் கடுமையான கதிர்வீச்சு கொடுத்தார்கள். அவற்றின் மகள்கள் மடிந்தன, மகன்கள் பிழைத்தன. படிக்கப்படாத ஏட்டில் எத்தனை பிழை இருந்தால் என்ன? மகள்கள் அந்த ஏட்டைப் படித்தார்கள், ஆகவே மாண்டார்கள்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அந்த ஆணின் குடல் போன்ற சில திசுக்களில் தந்தையின் கட்டு மீண்டும் அவிழ்கிறது என்று 1967இல் உஸி நூர் எழுதினார். மௌனம் மரணமல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இந்திய அறிவியல் கழகத்தின் எச். சரத் சந்திரா, ஸ்பென்சர் பிரவுனுடன் சேர்ந்து, இந்தப் பூச்சிகளில் கண்ட 'எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது என்ற அடையாளம்' பாலூட்டிகளின் எக்ஸ் குரோமோசோமுக்கும் பொருந்தக்கூடும் என்று 1975இல் 'நேச்சர்' இதழில் வாதிட்டார். பெண் பாலூட்டிகளின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று கட்டிவைக்கப்படுகிறது என்பதை 1961இல் மேரி லயன் முன்வைத்திருந்தார். கறுப்பும் செம்பழுப்பும் திட்டுத்திட்டாகக் கலந்த பூனையைத் தெருவில் காண்கிறோமே, அது ஏறத்தாழ எப்போதும் பெண்ணாகவே இருப்பதன் காரணம் இதுதான்.

*

கடந்த இருபது ஆண்டுகளில் இந்த அறிவு இன்னொரு தளத்துக்கு நகர்ந்திருக்கிறது. இழை எங்கே இறுகியிருக்கிறது என்பதோடு, உட்கருவுக்குள் அது எப்படி மடிந்திருக்கிறது, எந்த இடம் எந்த இடத்தைத் தொடுகிறது என்றும் கேட்கத் தொடங்கினார்கள். 2009இல் ஒரே சோதனையில் முழு மரபுத்தொகுதியின் தொடுகைகளையும் வரையும் முறை வந்தது. 2012இல் அந்த வரைபடங்களில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. இழை வட்டகை வட்டகையாகப் பிரிந்திருக்கிறது. ஒரு வட்டகைக்குள் இருப்பவை தங்களுக்குள் அதிகமும், வெளியே உள்ளவற்றோடு குறைவாகவும் தொட்டுக்கொள்கின்றன. ஒரு வட்டகையின் அளவு சில இலட்சம் முதல் பத்து இலட்சம் எழுத்துகள் வரை.

திருவரங்கத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஏழு மதில்கள், வெளியே அடையவளைந்தான், அடுத்துச் சித்திரை வீதி, அதற்குள் உத்தர வீதி. அடையவளைந்தான் தெருவின் கடைக்கும் உத்தர வீதியின் வீட்டுக்கும் காகத்தின் கணக்கில் தூரம் சொற்பம். நடப்பவனின் கணக்கு வேறு. அவன் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். மரபுத்தொகுதியிலும் அப்படி. மரபணுவை முடுக்கும் ஊக்குப்பகுதிகள் பல நேரங்களில் அதற்கு வெகுதொலைவில் இருக்கின்றன. இழை வளைந்து மடிந்து இரண்டையும் அருகில் கொண்டுவருகிறது. ஒரு மதிலுக்குள் உள்ள ஊக்குப்பகுதி பெரும்பாலும் அந்த மதிலுக்குள் உள்ள மரபணுவோடுதான் பேசுகிறது.

மதில் இடிந்தால்? 2015இல் பெர்லினில் ஸ்டெஃபான் முண்ட்லோஸ் குழுவினர், விரல்கள் குட்டையாகவோ ஒட்டியோ மிகையாகவோ பிறந்த சில குடும்பங்களை ஆராய்ந்தார்கள். விரலைக் கெடுத்த மரபணுக்களின் எழுத்தில் குறையில்லை. இரு வட்டகைகளுக்கு இடையே இருந்த எல்லைப் பகுதி அறுந்தோ இடம் மாறியோ போயிருந்தது. கை கால் வளர்ச்சியில் ஒரு மரபணுவுக்கென்று இருந்த ஊக்குப்பகுதி, தடுப்பு இல்லாததால், அண்டை வட்டகையின் மரபணுவைக் கூவி எழுப்பிவிட்டது. எலிகளில் அதே எல்லையை மாற்றியபோது எலிகளின் விரல்களிலும் அதே வகைக் கோளாறுகள் தோன்றின.

உவமையை இங்கே நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் ஒரு தலையெழுத்தாகிவிடும். திருவரங்கத்து மதில் கல். இந்த மதில்கள் நிமிடக் கணக்கில் தோன்றி மறையும் மடிப்புகளின் சராசரி. 2019இல் ஹைடல்பெர்க்கிலிருந்து ஒரு மறுப்பும் வந்தது. பல இடங்களில் உடைத்துத் தலைகீழாக ஒட்டப்பட்ட ஈக் குரோமோசோம்களில் வட்டகைகள் பல சிதைந்திருந்தும் பெரும்பான்மை மரபணுக்களின் வெளிப்பாடு மாறவில்லை. சில மதில்கள் உயிர்நாடி, சில வெறும் எல்லைக்கல். எது எது என்பதில் துறை இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறது. நல்ல துறைகள் அப்படித்தான் இருக்கும்.

*

இதெல்லாம் அறிவாளிகளின் வியப்பு, சாதாரண மனிதனுக்கு என்ன என்று கேட்பவர்களை நீலகிரிக்கு அழைக்கிறேன். இந்தியாவில் அரிவாள் செல் நோயின் சுவடு முதன்முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடிகளிடம். ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வரும் நோய். சிவப்பணு அரிவாள்போல் வளைந்து நாளங்களை அடைக்கிறது. எலும்பைப் பிளக்கும் வலி, சோகை, அகால மரணம். தலையெழுத்து என்ற சொல்லை எங்காவது பயன்படுத்தலாம் என்றால் இங்கேதான்.

ஆனால் இந்த நோயோடு பிறக்கும் குழந்தை முதல் சில மாதங்கள் நலமாகவே இருக்கிறது. கருவில் இருந்தபோது அது வேறு ஒரு மரபணுவிலிருந்து கரு ஹீமோகுளோபினைச் செய்துகொண்டிருந்தது, அதில் பிழையில்லை. பிறந்த பின் அந்த ஏடு மெல்லக் கட்டப்படுகிறது. அடுத்திருக்கும் பிழையுள்ள ஏடு திறக்கிறது. இரண்டையும் முடுக்குவது ஏறத்தாழ ஐம்பதாயிரம் எழுத்துகளுக்கு அப்பாலுள்ள ஒரே கட்டுப்பாட்டுப் பகுதி. இழை மடிந்து அது எதைத் தொடுகிறதோ அது பேசும். சிலருக்கு அந்தப் பழைய ஏடு முழுவதும் மூடிக்கொள்வதில்லை. இந்தியாவிலும் கிழக்கு அரேபியாவிலும் பரவலாக உள்ள ஒரு மரபு வகையினரிடம் கரு ஹீமோகுளோபின் சராசரியாக மிகுதி. அவர்களில் பலருக்கு, எல்லோருக்கும் அல்ல, நோயின் கடுமை குறைவு. ஒரே எழுத்துப்பிழை, இரு வாழ்க்கைகள்.

மூடும் கை எது என்பதை 2008இல் விஜய் சங்கரனும் ஸ்டூவர்ட் ஆர்கினும் தோழர்களும் காட்டினார்கள்: பிசிஎல்11ஏ என்னும் புரதம். 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்த காஸ்ஜெவி சிகிச்சை, பிழையான எழுத்தைத் திருத்துவதே இல்லை. நோயாளியின் குருதிக் குருத்தணுக்களை எடுத்து, பிசிஎல்11ஏவை முடுக்கும் ஊக்குப்பகுதியை வெட்டுகிறது. மூடும் கை தளர்கிறது, பழைய ஏடு திறக்கிறது. பிழை இருந்த இடத்தில் அப்படியே இருக்க, மனிதன் பிழைக்கிறான்.

இதன் அமெரிக்க விலை 22 இலட்சம் டாலர். நீலகிரியின் மலைக்குடிக்கு அது எட்டாத பரணில் இருக்கும் சுவடி. இந்தியாவில் ஏழை நோயாளிக்குக் கிடைக்கக்கூடியது ஹைட்ராக்சியூரியா மாத்திரை. அதுவும் கரு ஹீமோகுளோபினைக் கூட்டித்தான் பெரும்பகுதி வேலை செய்கிறது. 2023 ஜூலையில் மைய அரசு தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் 2047ஐக் குறியாண்டாகக் கொண்டுள்ளது. பரிசோதனை அட்டை கொடுப்பதோடு அது நின்றுவிடக் கூடாது. 'உனக்கு இந்த ஜீன் இருக்கிறது' என்ற செய்தி, நாம் பழக்கிவைத்திருக்கும் மொழியில், தண்டனையாகவே போய்ச் சேரும். கல்யாணப் பேச்சில் அது எப்படிப் பொருள்படும் என்று யோசித்துப் பாருங்கள். உருவகம் பொல்லாதது என்று நான் சொல்வது இதனால்தான்.

*

எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். தலையெழுத்து இல்லை என்றவுடன் 'அப்படியானால் மனத்தால் மரபணுவை மாற்றலாம்' என்று கடை விரிக்கிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். கருவுற்ற பெண் இன்ன இசை கேட்டால், இன்ன மந்திரம் சொன்னால், பிள்ளையின் மரபணு உயர்ந்த வகையில் திறக்கும் என்று கட்டணம் வாங்கி வகுப்பெடுக்கிறார்கள். இதற்குச் சான்று ஏதுமில்லை. தாய்க்குக் கிடைத்த இசை இனிது. அதைக் குரோமேட்டினின் பெயரால் விற்பது மோசடி. பிள்ளையிடம் ஏதேனும் குறை வந்தால் பழியும் தாயின் தலையில் விழும். பழைய விதிக் கொள்கை கடவுளைக் குற்றம் சொல்ல இடம் தந்தது. இது பெண்ணை மட்டும் குற்றம் சொல்கிறது.

உண்மையில் சூழலின் தடம் பதிந்ததாக அறியப்பட்ட இடம் பட்டினி. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படையின் முற்றுகையால் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. அந்த மாதங்களில் கருவானவர்களை அறுபது ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் மெத்தில் குறிகள் அவர்களுடைய உடன்பிறந்தோரைவிடக் குறைந்திருந்தன என்று 2008இல் வெளியிட்டார்கள். அந்தக் குறிதான் பிற்கால நோய்க்குக் காரணம் என்று இதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. தலைமுறைதோறும் இத்தகைய குறிகளில் பெரும்பாலானவை துடைக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் சூழல் என்று சொல்லும்போது நாம் எதை முதலில் நினைக்க வேண்டும் என்பதை அந்த ஆய்வு காட்டுகிறது. மந்திரத்தை அல்ல, சோற்றை.

திருச்சிக்காரனாக இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஓர் உரிமை உண்டு. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில். அந்தச் சோறு யாருடைய குரோமேட்டினையும் மாற்றியது என்று சொல்லவரவில்லை; அப்படிச் சொன்னால் நானும் கடை விரித்தவனாவேன். அது மாற்றியது வேறொன்று. 'இதுகளுக்குப் படிப்பு வராது' என்று பிறப்பைக் காட்டிச் சொல்லப்பட்ட பிள்ளைகள் பசியின்றி வகுப்பில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் படித்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று எங்கள் கல்லூரிகளில் முனைவர் பட்டம் வாங்குகிறார்கள். மரபணுவில் இல்லை என்று சொல்லப்பட்டது எங்கே இருந்தது? இருந்த இடத்திலேயே இருந்தது. திறக்கத்தான் ஆள் இல்லை.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதும் அல்ல. உறையூரில் பாணர் குடியில் வளர்ந்த திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையிலேயே நிறுத்தப்பட்டார், பிறகு உலோகசாரங்க முனிவரின் தோள்மீது அரங்கத்துக்குள் சென்றார் என்பது குருபரம்பரை சொல்லும் வரலாறு. பாட்டு அவரிடம் கரையிலும் இருந்தது, கருவறை முன்னும் இருந்தது. வாசல்தான் இடையில் நின்றது. பிறப்பை வைத்து வாசலை அடைத்தவர்களுக்கு அன்று சாத்திரம் துணை. இன்று அதே வேலைக்கு 'ஜீன்' என்ற சொல்லைத் துணைக்கு அழைக்கிறோம். அறிவியல் அந்த அழைப்பை ஏற்கவில்லை என்பதைத் தமிழில் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு முதலில் நம் சொற்களைச் சீர்செய்ய வேண்டும். பாடநூல்களில் 'மரபணு வெளிப்பாடு' என்று ஒரு நல்ல தொடர் இருக்கிறது. வெளிப்பாடு என்றால் உள்ளே இருப்பது வெளியே வருதல். வராமலும் போகலாம் என்ற பொருள் அதிலேயே அடங்கியிருக்கிறது. நம் கதைகளிலும் கட்டுரைகளிலும் அந்தச் சொல் ஏன் வருவதில்லை? 'அவன் ஜீனிலேயே இருக்கிறது' என்று ஒரு பாத்திரம் பேசலாம். பாத்திரங்களுக்கு எல்லாம் பேச உரிமை உண்டு. கதைசொல்லியின் குரலில் அது வரும்போது, கட்டுரையாளனின் முடிவாக அது வரும்போது, நாம் கேட்க வேண்டிய எதிர்க்கேள்வி எளியது: இருக்கிறது, சரி, எந்தச் செல்லில், எந்தப் பருவத்தில், யார் அவிழ்த்து, யார் கட்டி?

இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய வாசகனிடம் சாதியைக் கொண்டோ குடும்பப் பெருமையைக் கொண்டோ யாரும் எளிதில் வியாபாரம் செய்ய முடியாது.